சாமி ஏறாத தேர்

2024 அக்டோபரில் விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூட்டம். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ வந்து 45 வருடம் ஆனதைக் கொண்டாடினோம். நடத்தியவர்கள் கைக்காசு போட்டு நடத்துகிற நல்லவர்கள், பெயர் வேண்டாம். பிளக்ஸில் மகேந்திரன் சிரித்துக்கொண்டிருந்தார். மேடையில் ஆறு பேர், அதில் நானும் ஒருத்தன். ஆளுக்கொரு துண்டு போர்த்தினார்கள். படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றி, அந்த ஆற்றங்கரையைப் பற்றி, நான் பன்னிரண்டு நிமிடம் உருகினேன். கைதட்டல் கிடைத்தது. நன்றியுரை முடிந்து போண்டா வருகிற நேரத்தில் மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையைத் தூக்கினார்.

“எல்லாம் சரிங்க. படம் எப்ப போடுவீங்க?”

ஒருவர் குனிந்து பணிவாகச் சொன்னார்: “படம் இல்லீங்க ஐயா. விழாதான்.”

“விழான்னா படம் ஓடணுமே?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேடைக்குப் பின்னால் திரை எதுவும் கட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, போண்டா வாங்காமல் படியிறங்கிப் போனார். இந்த ஊர்த் தியேட்டர் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சிரிப்புக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய சினிமாவை நேசிக்கிறவர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. நடிகர்களின் பிறந்தநாளும் படங்களின் ஆண்டு நிறைவும்தான் பழைய சினிமாவை உயிரோடு வைத்திருக்கின்றன. அந்தச் சாக்கும் இல்லையென்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சிவாஜி யார், சாவித்திரி யார் என்றே தெரியாமல் போகும். ஜனவரி 17 வந்தால் எம்.ஜி.ஆர்., அக்டோபர் 1 வந்தால் சிவாஜி. பத்திரிகைகள் பக்கம் ஒதுக்குகின்றன, டிவிக்காரர்கள் அன்றைக்கு ஒரு படம் போடுகிறார்கள், வாட்ஸ்அப்பில் காலை ஐந்தரைக்கே வாழ்த்து வந்து விழுகிறது. இதையும் குறை சொன்னால் எப்படி என்று கேட்பார்கள்.

இன்னொரு கூட்டமும் உண்டு. கூத்தாடிகளுக்கு எதற்கு ஐயா விழா என்று உதட்டைப் பிதுக்குகிற கூட்டம். நான் அந்தக் கட்சி இல்லை. எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு அடுத்த ஆணியில் கே.பி. சுந்தராம்பாள் தொங்கினார். என் வழக்கு நேசிக்கிறவர்களோடுதான். தேதி கொண்டாடுவது நினைவுகூர்வது ஆகாது. நினைக்கிற வேலையிலிருந்து நம்மை விடுவித்து, நினைத்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்கு அனுப்பி வைக்கிற ஏற்பாடு அது.

எங்கள் ஊரில் மாசி மகம் பெரிய விசேஷம். பழமலைநாதர் கோயில் தேர் ஓடும். வடம் பிடிக்க மணிமுத்தாற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனம் வரும். தேரைச் சோடித்து, வாழை கட்டி, நாயனம் வாசித்து, தலைவர்களெல்லாம் பேசி முடித்து, சாமியை மட்டும் உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டால் அதைத் திருவிழா என்று யாராவது ஒத்துக்கொள்வார்களா? சினிமா விழாவில் மட்டும் ஒத்துக்கொள்கிறோம். அதற்கு எதிராகக் கையைத் தூக்கியது அன்றைக்கு ஒரே ஒரு கைதான்.

முதலில் இந்தத் தேதியையே எடுத்துக்கொள்வோம். அது யாருடைய தேதி?

அடுத்த வாரம் ஜங்ஷன் பக்கம் டீக்கடையில் அந்தப் பெரியவரைப் பிடித்தேன். “உதிரிப்பூக்கள் அக்டோபர் 19ஆம் தேதிங்களா?” என்று ஆரம்பித்தேன். “அது மெட்ராசுக்குத் தம்பி” என்றார். “நமக்கு மாசி மகம் கழிச்சுத்தான் பெட்டி வந்துது. ஊர்க்காரன் கொண்டாடுறதுன்னா மாசியிலதான் கொண்டாடணும்.”

விளையாட்டாகச் சொன்னதில்லை. விநியோகஸ்தர் கணக்கில் தமிழ்நாடு பல ஏரியாக்களாகப் பிரிந்து கிடந்தது. நாங்கள் என்.எஸ்.சி. அதாவது வடஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு. தென்னாற்காடு ஜில்லாவே 1993இல் இரண்டாகப் பிரிந்து பெயர் மாறிய பிறகும் சினிமாக்காரர்கள் வாயில் என்.எஸ்.சி. அப்படியே நின்றது. அந்த ஏரியாவுக்குள்ளும் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று படிக்கட்டு. பிரிண்ட் போடுவது செலவு, அதனால் போட்ட பிரிண்டுகளே படிக்கட்டு படிக்கட்டாக இறங்கி வரும். சென்னையில் 100 நாள் போஸ்டர் ஒட்டிய பிறகு கடலூர், விழுப்புரம். அங்கே கூட்டம் குறைந்த பிறகு எங்களுக்கு. எங்களுக்கும் பிறகு சுற்றுப்பட்டுக் கிராமத்து டூரிங் டாக்கீஸ். ரயில் பார்சலில் தகரப் பெட்டி வந்து இறங்கும். விருத்தாசலம் சேலம் பக்கமும் கடலூர் பக்கமும் கிளை பிரிகிற ஜங்ஷன் என்பதால் வேறு ஊருக்குப் போக வேண்டிய பெட்டிகளும் பிளாட்பாரத்தில் கிடக்கும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் படத்தின் பெயரைப் படிப்பதற்காகவே பையன்கள் ஜங்ஷனுக்குப் போவோம்.

தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் படம் காட்டிய நம்மவர்களில் முதல் ஆளே ரயில்வேக்காரர்தான். திருச்சியில் ரயில்வே வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். சினிமா நம்மிடம் தண்டவாளத்தின் மேல் வந்தது. வந்து சேர்ந்த நாள் ஊருக்கு ஊர் வேறு.

நாள் மட்டும் வேறில்லை, வந்த படமும் வேறு. எங்களுக்கு வரும்போது பிரிண்டின் மேல் கீறல் விழுந்து படம் முழுக்க மழை பெய்யும். அறுந்த இடத்தில் ஆபரேட்டர் இரண்டு முனையையும் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி ஒட்டுவார். ஒட்டுக்கு ஒட்டு சில பிரேம்கள் போகும். ஒரு நொடிக்கு 24 பிரேம். பத்து ஊரில் பத்து ஒட்டு விழுந்த இடத்தில் வசனத்தின் பாதியே காணாமல் போயிருக்கும். கடைசி ஆட்டத்தில் ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று ஒரு பாட்டையே எடுத்துவிட்டு ஓட்டிய கதைகளை டீக்கடையில் பெரியவர் வெட்கமில்லாமல் சொன்னார். “மொத வாரம் முழுசா ஓட்டுவேன். ரெண்டாவது வாரம் ஜனத்தப் பாத்து ஓட்டுவேன்.” ஆக, விருத்தாசலம் பார்த்த படத்துக்கு எடிட்டர்களில் அவரும் ஒருவர். எந்த ஆண்டு விழாவில் அவருக்குத் துண்டு போர்த்தினோம்?

சரி, சென்னைத் தேதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நிற்கிறதா? நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’, தென்னகத்தின் முதல் மௌனப் படம், 1916இல் வந்தது என்பாரும் 1917 என்பாரும் 1918 என்பாரும் இருக்கிறார்கள். நூற்றாண்டைத் தனித்தனியாக மூன்று முறை கொண்டாடலாம். படம்தான் ஒரு அடி கூட மிச்சமில்லை. தெலுங்கின் முதல் பேசும்படமான ‘பக்த பிரகலாதா’வுக்கு 1931 செப்டம்பர் 15 என்று பல காலம் விழா எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டால ஜெயதேவா என்ற பத்திரிகையாளர் பழைய பதிவுகளைத் தோண்டி, அது 1932 பிப்ரவரி 6ஆம் தேதி என்று காட்டினார். இத்தனை வருடம் தவறான நாளில் மாலை போட்டிருக்கிறார்கள். போட்டவர்களின் அன்பு பொய்யில்லை. ஆனால் அந்த அன்பில் ஒரு பங்கு தேடிப் பார்க்கிற வேலைக்குப் போயிருந்தால் தவறு எப்போதோ தெரிந்திருக்கும். அதை வெளிக்கொண்டுவர விழா எடுக்காத ஒருத்தர் வர வேண்டியிருந்தது.

தமிழில் நாம் இவ்வளவு தாராளமாகத் தேதி சொல்லிக்கொண்டு திரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஆள்: பிலிம் நியூஸ் ஆனந்தன். எந்தப் படம் எப்போது வந்தது, யார் எடுத்தார், யார் யார் நடித்தார் என்று வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்து, 2004இல் நூலாகக் கொடுத்துவிட்டு, 2016இல் போய்ச் சேர்ந்தார். நம் விழாக்களெல்லாம் அவர் வீட்டு அலமாரியிலிருந்து கடன் வாங்கியவை. அவர் சேர்த்தது தேதியை மட்டுமில்லை; ஸ்டில்லும் பாட்டுப் புத்தகமும் சேர்த்தார். நாம் எடுத்துக்கொண்டது தேதியை.

தேதி செய்கிற அடுத்த காரியம், ஜெயித்தவர்களுக்கு மட்டும் பந்தி போடுவது. 100 நாள், 25 வாரம் ஓடிய படத்துக்குத்தான் 50ஆம் வருடமும் வரும். ஊத்திக்கொண்ட படத்துக்கு யார் விழா எடுப்பார்கள்? இதற்கு ‘அந்த நாள்’ படத்தைக் காட்டி என்னை மடக்கப் பார்ப்பார்கள். 1954 ஏப்ரல் 13இல் வந்த, வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய, பாட்டே இல்லாத படம். வந்தபோது போகவில்லை. இப்போது ஒவ்வொரு ஏப்ரலிலும் கொண்டாடுகிறோமே என்பார்கள். கொண்டாடுகிற விதத்தைப் பாருங்கள். ‘காலத்தை வென்ற காவியம்’ என்றுதான் எழுதுகிறோம். காலம் அதை முதல் வாரத்திலேயே தோற்கடித்தது, தோற்கடித்த ஜனம் நம் பாட்டனும் பாட்டியும் என்ற பகுதியை விழுங்கிவிடுகிறோம். பாட்டு எப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தவர்கள் ஏன் எழுந்து போனார்கள், அவர்களுக்கு அதில் என்ன ஒட்டவில்லை, பிறகு எது மாறியது என்று கேட்டால் அது பேச்சு. வாழ்த்துச் செய்தியில் கேள்விக்கு இடம் கிடையாது. அது எந்தத் தோல்வியையும் வெற்றியாக எழுதிக்கொள்ளும்.

தோற்று, தோற்றதாகவே கிடக்கிற படம் ஒன்றைச் சொல்கிறேன். ‘ராஜமுக்தி’. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை போய் மீண்டு வந்த எம்.கே. தியாகராஜ பாகவதர், தன் பழைய இடத்தைப் பிடிக்க எடுத்த படம். புனேயில் படப்பிடிப்பு. எம்.ஜி.ஆரும் வி.என். ஜானகியும் பானுமதியும் நடித்தார்கள், எம்.எல். வசந்தகுமாரி பின்னணி பாட வந்தார். வசனம் எழுத அழைக்கப்பட்டுப் போனவர் புதுமைப்பித்தன். போன இடத்தில் காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். படம் அதே வருடம் வந்தது, ஓடவில்லை. பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டதை வருடாவருடம் எழுதுகிறோம். ஒரு பெரிய எழுத்தாளனின் கடைசி மூச்சில் ஒரு பகுதியை வாங்கிய படத்தை எழுத நாள் வாய்ப்பதில்லை, ஏனென்றால் அதற்கு விழா நாளே கிடையாது.

அந்த எழுத்தாளனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். எங்கள் ஊர்ப் பெயர். பிறந்தது கிளை ரயிலின் அந்த முனையில், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், 1906இல். ‘உதிரிப்பூக்கள்’ எந்தக் கதையிலிருந்து முளைத்தது? அவருடைய ‘சிற்றன்னை’யிலிருந்து. விருத்தாசலம் என்ற ஊரில், விருத்தாசலம் என்ற ஆள் எழுதிய கதையிலிருந்து வந்த படத்துக்கு 45ஆம் ஆண்டு விழா. ஆறு பேர் பேசினோம். ஒருத்தர் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை. என் பன்னிரண்டு நிமிடத்திலும் வரவில்லை. அக்டோபர் 19 என்பதை மட்டும் ஆறு பேரும் தப்பில்லாமல் சொன்னோம்.

பிறந்தநாள் சங்கதிக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் ஜாக்கிரதையாக நடக்க வேண்டும். நடிகர் மேல் வைத்த பிரியம் ஜனங்களுக்குச் சொந்த வீட்டுச் சமாச்சாரம்.

எங்கள் ஊரில் செராமிக் பட்டறைகள் நிறைய. மின்சார பியூஸ் கட்டையிலிருந்து கொலு பொம்மை வரை வார்க்கிறார்கள். பொம்மை வார்ப்பதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சை ரப்பரால் இறுக்கிக் கட்டி, மோர் போலக் கரைத்த மண் கூழை உள்ளே ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரை ஒட்டி மண் ஏடு படியும். ஏடு போதுமான கனம் வந்ததும் மிச்சக் கூழை வாளியில் கவிழ்த்துவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் பிள்ளையார் நிற்கிறார். உள்ளே ஒன்றுமில்லை, வெற்றிடம். பட்டறைக்காரர் இரண்டு பிள்ளையாரை அருகருகே வைத்துக் காட்டினார். ஒன்று புது அச்சு, தும்பிக்கையில் மடிப்பு மடிப்பாக வரி. இன்னொன்று பல தடவை வார்த்துத் தேய்ந்த அச்சு. “மொதல்ல நகமும் கண்ணிமையும் போவும் சார். அப்புறம் மூக்கு. பெயிண்ட் அடிச்சா தெரியாது” என்றார்.

நம் பிறந்தநாள் கட்டுரைகளுக்கு இதைவிடச் சரியான செய்முறை விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சிவாஜி என்றால் நேரம் தவறாமை. எம்.ஜி.ஆர். என்றால் கொடை. நாகேஷ் என்றால் ரயில்வே குமாஸ்தா வேலையும் அம்மைத் தழும்பும். சாவித்திரி என்றால் அள்ளிக் கொடுத்துவிட்டு அழிந்த கதை. ஒவ்வொரு வருடமும் அதே அச்சில் ஊற்றி, ஏடு படிந்ததும் கவிழ்த்து, மேலே பெயிண்ட். சிவாஜி 280க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். அக்டோபர் 1 அன்று டிவியில் சுற்றுவது அந்த நாலைந்துதான். அந்த நாலைந்திலும் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்கிற வாக்கியம் ஒன்று கூட வராது.

டி.எஸ். பாலையாவின் பிறந்தநாள் எப்போது? 1914 ஆகஸ்ட் 23. இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பாலையாவைப் பற்றி ஏதாவது தெரிந்ததா?

‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் அவருக்குக் கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீதரின் 1964ஆம் வருடப் படம். சத்தமும் கையாட்டலும் நாகேஷுடையது. ஊர் முழுக்க அதைத்தான் நடித்துக் காட்டும். பாலையாவுக்கு வேலை கேட்பது மட்டும். பணக்கார அப்பா, மகன் சொல்கிற பேய்க்கதையைக் கொஞ்சம் அலட்சியமாகக் கேட்க ஆரம்பித்து, அந்த அலட்சியத்தை விட்டுக்கொடுக்க மனசில்லாமலே பயந்து போகிறார். முகத்தில் இரண்டும் சண்டை போடுகின்றன. கண் நாகேஷை விட்டு நகர மறுக்கிறது, கழுத்து உள்ளே போகிறது. கதை கேட்கிறவன் பயந்தால்தான் கதை பயங்கரம். அந்தக் காட்சியின் அஸ்திவாரமே அவர் காது. பிறகு ‘தில்லானா மோகனாம்பா’ளில் அதே மனிதர் தவில்காரர். நாயனத்தைச் சிவாஜி உதட்டில் வைத்திருக்க, உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்த வாசிப்பைக் கேட்டு ரசிப்பதற்குத் திரையில் ஒரு சக கலைஞன் வேண்டும், அதையும் பாலையாதான் செய்கிறார். இருபது வயதுப் பையனை உட்கார வைத்து இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் நடிப்பு என்றால் என்னவென்று அரை மணியில் பிடிபடும். ஆகஸ்ட் 23 என்று சொன்னால் என்ன பிடிபடும்?

உள்ளூர்க்காரன் விஜயகாந்தை விட்டுவிட்டு எழுதினால் எங்கள் தெருவில் நடமாட முடியாது. 2006 சட்டமன்றத் தேர்தலில் அவரை ஜெயிக்க வைத்தது இந்தத் தொகுதி. அவர் கட்சிக்கு அந்த வருடம் கிடைத்த ஒரே இடம். 2023 டிசம்பரில் அவர் இறந்த அன்றைக்கு ஊரே இருண்டிருந்தது. ஆகஸ்ட் 25 வந்தால் அன்னதானம் நடக்கும், அது அவர் குணத்துக்குப் பொருத்தமான காரியம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நடிகராக அவர் தமிழ் சினிமாவில் திறந்துவிட்ட ஒரு கதவு உண்டு. 1986இல் ‘ஊமை விழிகள்’. திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பையன்களை ஒருத்தரும் நம்பாத காலத்தில், ஆபாவாணன், அரவிந்தராஜ் கூட்டத்தை நம்பி, வயதான போலீஸ் அதிகாரியாக நடிக்க ஒத்துக்கொண்டார். பிறகு வந்த எத்தனையோ கல்லூரிப் பையன்களுக்கு அது வழி. ஆகஸ்ட் 25 போஸ்டர்களில் நான் இதுவரை அந்த வாக்கியத்தைப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் தேதி கொண்டாடுகிறவர்கள் நல்ல கேள்வி ஒன்று கேட்பார்கள். 2025 ஆகஸ்டில் அவர் பிறந்தநாளை ஒட்டித்தானே ‘கேப்டன் பிரபாகரன்’ மறுபடி தியேட்டருக்கு வந்தது? ‘கில்லி’யின் 20ஆம் வருடத்தை ஒட்டி 2024 ஏப்ரலில் தியேட்டர்கள் திருவிழா ஆனதே? தேதி படத்தைக் கொண்டுவந்துவிட்டதே?

கொண்டுவந்தது, நானும் விசில் அடித்தேன். சாமி தேரில் ஏறிய விழா அது. ஆனால் எந்தச் சாமிக்குத் தேர் கிடைக்கிறது என்று பாருங்கள். போட்ட பணம் முதல் வாரத்தில் திரும்பும் என்று கணக்கு வருகிற படத்துக்கு. ஹரிஹரனின் ‘ஏழாவது மனிதன்’ 1982இல் வந்தது. ரகுவரன் என்ற நடிகர் தொடங்கிய இடம் அது. நிமாய் கோஷ் இயக்கி எம்.பி. சீனிவாசன் இசையமைத்த ‘பாதை தெரியுது பார்’ 1960இல் வந்தது. இவற்றைப் பெரிய திரைக்குக் கொண்டுவர எந்த நட்சத்திரத்தின் பிறந்தநாளும் உதவாது. ‘கர்ண’னையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 பொங்கலுக்கு வந்த பந்துலுவின் படம். 2012 மார்ச்சில் சுத்தம் செய்து மறுபடி வெளியிட்டார்கள், சென்னையில் 100 நாளைத் தாண்டியது. மார்ச் மாதம் சிவாஜி பிறக்கவும் இல்லை, கர்ணன் பிறக்கவும் இல்லை. அந்த வெற்றிக்குக் காரணம் ஒருவர் படச்சுருளைத் தேடி எடுத்து, ஒலியையும் ஒளியையும் தேய்த்துக் கழுவி, காசைப் போட்டது.

படச்சுருள் என்பது காத்திருக்கிற பொருளில்லை. ஏறத்தாழ 1951 வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் தீக்குச்சி மாதிரி. அதற்குப் பின் வந்த அசிடேட் பிலிம் ஈரப்பதத்தில் புளித்து, பெட்டியைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கும், சுருங்கி நெளிந்து போகும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி இருப்பதால் உருக்கி வெள்ளி எடுக்க விற்றுத் தின்றவர்களும் உண்டு. நம் ஆண்டு விழாக்கள் 25, 50, 75 என்று நிதானமாக நடந்து வருகின்றன. பிலிம் அவ்வளவு நிதானமாக இருக்காது.

1933இல் எடுத்த ‘மார்த்தாண்ட வர்மா’ மௌனப் படம் இன்று இருக்கிறது. ஏன் இருக்கிறது தெரியுமா? நாவலின் பதிப்பாளர் உரிமை கேட்டு வழக்குப் போட்டு, படச்சுருளைக் கைப்பற்றி உள்ளே வைத்துவிட்டார். பல வருடம் கழித்து 1974இல் வெளியே வந்து புனேயில் உள்ள திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போனது. நேசித்துக் கொண்டாடிய படங்கள் போய்விட்டன, ஜப்தியில் மாட்டிய படம் பிழைத்துக்கொண்டது. ரசிகர்கள் செய்யாததை அமீனா செய்திருக்கிறார்.

2031 அக்டோபர் 31இல் தமிழ்ப் பேசும்படத்துக்கு நூறு வயது. இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அரசு விழா நடக்கும், தபால்தலை வரும், சிறப்பு மலர் வரும், அதில் என்னைப் போல ஆறு பேர் எழுதுவோம். அந்த முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ பெட்டி பம்பாயிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வந்தபோது பூப்போட்டு, சூடம் காட்டி, கினிமா சென்ட்ரல் வரை ஊர்வலமாகக் கொண்டுபோன கதையை எல்லோரும் சொல்வோம். டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்ன வேடிக்கையையும் சொல்வோம். இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் கூட அந்தக் குரலைப் போட்டுக் காட்ட முடியாது. படம் இல்லை. பெட்டிக்குச் சூடம் காட்டிய ஜனங்கள் பெட்டிக்குள் இருந்ததைத் தொலைத்துவிட்டோம்.

இத்தாலியில் பொலோன்யா என்ற ஊரில் வருடாவருடம் பழைய படங்களுக்கென்றே ஒரு விழா. அதில் ஒரு பகுதி, சரியாக நூறு வருடத்துக்கு முன் வந்த படங்களை அந்தந்த வருடம் திரையிடுவது. அவர்களும் தேதியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், ஆனால் பேச்சு குறைச்சல், திரை பெரிசு. நம்ம ‘ஷோலே’யையே 50ஆம் வருடம் செப்பனிட்டு, வெட்டுப்பட்ட பழைய முடிவைச் சேர்த்து, 2025 ஜூனில் அந்த ஊரில்தான் முதலில் போட்டார்கள். அரவிந்தனின் ‘தம்பு’வும் இப்படித்தான் மீண்டு 2022இல் கான் வரை போனது. ஆண்டு நிறைவு என்ற சொல்லுக்கு ஒரு அர்த்தம் வேண்டுமென்றால் அது இதுதான்: இந்த வருடத்துக்குள் இந்தப் படத்தைப் பார்க்கிற நிலைக்குக் கொண்டுவந்து தீர வேண்டும் என்ற கெடு.

ஒன்றுமில்லாததற்கு இந்த வாழ்த்தாவது பரவாயில்லையே என்பவர்களுக்கு என் பதில் சின்னது. ஒன்றுமில்லை என்றால் இல்லாதது கண்ணை உறுத்தும். உறுத்தினால் யாராவது எழுந்து தேடுவார்கள். வாழ்த்து அந்த உறுத்தலைத் துடைத்துவிடுகிறது.

மறுபடி என்னை அழைத்தார்கள், வேறு ஒரு படம், வேறு ஒரு வருடக் கணக்கு. படம் உண்டா என்று கேட்டேன். மண்டபத்தில் திரை இல்லை, புரஜெக்டர் வாடகை கட்டாது, இரண்டரை மணி நேரம் யார் உட்காருவார்கள் என்றார்கள். துண்டு ஆறு, மாலை நாலு, பிளக்ஸ் ஒன்று, இதற்கு ஆகிற செலவைக் கூட்டிச் சொன்னேன். யோசிக்கிறோம் என்றிருக்கிறார்கள்.

அதைச் சொல்லத்தான் பெரியவர் வீட்டுக்குப் போனேன். பரணிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்கச் சொன்னார். ஒட்டுப் போடும்போது வெட்டி எறிய வேண்டிய துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தாராம். எங்கள் காலத்தில் அந்தத் துண்டுகளுக்குத் தனி மவுசு. பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, இருட்டறையில் அப்பாவின் வேட்டியில் படம் காட்டுவோம். டின்னைத் திறந்தால் அடியில் ஒரே ஒரு துண்டு, அஞ்சாறு பிரேம். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். தோப்பு. குடம் சுமந்த பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஏதோ பாட்டுக்குப் பின்னணி. முன்னால் இருப்பவள் கொஞ்சம் தலை திரும்பி, காமிராவைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியும் பார்த்துவிட்ட மாதிரி இருக்கிறாள். வலது ஓரத்தில் யாரோ ஒருவனுடைய கை மட்டும் தெரிகிறது.

“என்ன படங்கய்யா?”

“தெரியல தம்பி. ஹீரோ இருந்த துண்டையெல்லாம் பசங்க வாங்கிட்டுப் போயிட்டானுங்க. இதைத்தான் எவனும் எடுக்கல.”